ரோஸ்மில்க் முகப்பு

இரண்டு படம், ஒரே பள்ளிக்கூடம், ஒரு மணிக்குள் ஏதாவது ஒன்று கிளம்பிப் போக வேண்டும், அவ்வளவுதானே சங்கதி, இதற்குப் போய் உள்ளங்கை ஏன் இப்படி வேர்க்கிறது என்று பொன்ரேகா மவுஸை விட்டுக் கையை எடுத்துச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். மணி பன்னிரண்டு இருபது. ஸ்டுடியோவில் ஒருத்தரும் இல்லை. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களுக்கென்று கண்ணாடி ஓரமாக நூல் கட்டித் தொங்கவிட்ட சீப்பு, ஒரு பவுடர் டப்பா, ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் மாறி மாறி மாட்டிக் கக்கத்தில் வெளுத்துப்போன ஒரே ஒரு கறுப்புக் கோட்டு, அப்புறம் அவள். ஸ்டுடியோக்காரர் கிருபா அண்ணன் புறப்படும்போது சொன்னது இன்னும் காதிலேயே கிடந்தது. கிடந்ததைச் சும்மா விடுகிற ஆளா அவள்? மூக்கை லேசாக அடைத்து, கடைசி வார்த்தையை ஒரு தூக்குத் தூக்கி, அச்சு அசல் அவரைப்போலவே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்காட்டினாள்: "ஏ புள்ள, படம் எடுத்தது நீ. கலரா செபியாவான்னு நீயே பாத்து ஒண்ண சிவகாசிக்கு அனுப்பிவிட்ரு. ஒரு மணிக்குப் பிரஸ்ல பிளேட் போட்ருவான், அப்புறம் நீ அழுதாலும் மாத்த மாட்டான், நான் அழுதாலும் மாத்த மாட்டான். நான் காதுகுத்துக்குப் போறேன். மாமன் மடியில பிள்ள வீல்னு கத்துற படத்த விட்டேன்னு வையி, என் காதக் குத்திருவாக." கம்ப்யூட்டர் சிரிக்கவில்லை. உள்ளே காற்றாடி மட்டும் ஹெட்மாஸ்டர் குணசீலன் சார் தொண்டையைச் செருமுவதைப்போல ஒரு தடவை செருமிவிட்டு, கலையில நான் தலையிட மாட்டேன்மா, ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு, என்று ஆரம்பிக்கப்போவதுபோல நின்றது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிற வருசம் எழுபத்தைந்து. ஜனவரியிலிருந்து சாத்தூரில் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த, படிக்கிற, பிள்ளையைச் சேர்க்கப்போகிற வீடு ஒவ்வொன்றிலும் ஒரு காலண்டர் தொங்கும். மேலே முகப்புப் படம், கீழே தேதி. பிள்ளைகளுக்குள் போட்டி வைத்துப் படம் கேட்டார்கள், ப்ளஸ் டூ பொன்ரேகாவின் படம் தேறிவிட்டது. அக்டோபரில் ஒரு சாயங்காலம், மழை விட்ட கையோடு, கிருபா அண்ணனின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போய்ச் சாலைக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து எடுத்தது. கீழே ஏழு வளைவு, மேலே ஏழு சன்னல், உச்சியில் சுண்ணாம்புச் சாந்தில் செய்த திறந்த புத்தகம், பின்னால் கரிப்பிடித்த சட்டிபோல மேகம், முன்னால் தேங்கின தண்ணீரில் இன்னொரு பள்ளிக்கூடம் தலைகீழாக. வாட்ச்மேன் மட்டும் வெள்ளைச் சட்டையோடு நடுவில் நின்றுகொண்டு நகர மாட்டேனென்று அடம்பிடித்தார், அவரும் விழுந்திருக்கிறார். இடது பக்கத்துப் படம் கலர். வலது பக்கத்துப் படம் செபியா. செபியா என்றால் பழுப்பு, தாத்தாக்கள் காலத்துக் கல்யாணப் படத்தின் பழுப்பு, டீயில் முக்கி எடுத்துக் கொடியில் காயப்போட்ட மாதிரி. ஒரு தட்டுத் தட்டினால் போன மாசத்துப் படத்துக்கு அறுபது வயசாகிவிடுகிறது. செபியா பேசினால் எப்படிப் பேசும்? ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்போலப் பேசும், அன்பார்ந்த பெருமக்களே, என்று. கலர் பேசினால் பஸ்ஸுக்குள் ஏறி வெள்ளரிக்காய் விற்கிற அக்காபோல, பிஞ்சு பிஞ்சு பிஞ்சு பிஞ்சு, இறங்கச் சொன்னாலும் இறங்காமல். தாளாளர் ரத்தினவேல் அண்ணாச்சிக்குச் செபியாதான். வயிற்றைத் தடவிக்கொண்டே, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படி இறங்குகிறவர்போலச் சொன்னார்: "பாப்பா, பழசு மாதிரியே போட்ரு. பழசுன்னாத்தான் ஒரு கௌரவம். கலர்ல போட்டம்னா..." அதோடு நிறுத்திவிட்டார். அவளைப் பார்த்தார். பார்த்த பார்வையை மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டுக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பாதிப் பேச்சை அவள் பத்து நாளாக விதவிதமாக முடித்துப் பார்த்துவிட்டாள், அவர் குரலிலேயே. கலர்ல போட்டம்னா ஊரு சிரிக்கும். கலர்ல போட்டம்னா ஒங்கப்பனுக்குத்தான் சங்கடம். நல்ல மனுசர், அதனால்தான் முடிக்கவில்லை. நல்ல மனுசர்கள் முடிக்காமல் விடுகிற பேச்சுதான் முள் மாதிரி உள்ளே நின்றுகொள்கிறது. கெட்டவர்கள் முழுசாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், துடைத்துப் போட்டுவிடலாம்.

ஏனென்றால் பள்ளிக்கூடம் ரோஸ். சும்மா ரோஸ் இல்லை, சர்பத் கடையில் பெரிய கண்ணாடி டம்ளரில் பனிக்கட்டி மிதக்க மிதக்கத் தருகிற ரோஸ்மில்க்கின் ரோஸ். அடித்தது அவளுடைய அப்பா சீனிராஜ். பெயிண்டர் சீனிராஜ் என்றால் இருக்கங்குடிப் பக்கம் வரைக்கும் தெரியும், கடையில் மெஷின் கலக்கித் தருகிற டப்பாவைத் தொட மாட்டார், வெள்ளையை வாளியில் ஊற்றி, சாயப் புட்டியைச் சாய்த்து, குச்சியால் கலக்கி, கண்ணால் பார்த்து, இன்னும் ரெண்டு சொட்டு, போதும், என்பார். கேட்ட கலர் வந்து நிற்கும். இருபத்திரண்டு வருசமாக நின்றது. போன மே மாசம் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டது சந்தனக் கலர். முகப்பு பஜார் ரோட்டைப் பார்த்தது, போகிற வருகிறவர்கள்மேல் தெறிக்கக் கூடாதென்று சாரத்தை மூடிப் பச்சை வலை கட்டினார்கள், மேலிருந்து கீழ்வரை, பள்ளிக்கூடம் முக்காடு போட்டுக்கொண்டு மூன்று வாரம் நின்றது. ஜூன் மாசம் பள்ளி திறக்கிறதுக்கு முந்தின நாள் வலையை அவிழ்த்தார்கள். அப்பா சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். அவர் கையிலிருந்த பீடி எரிந்து விரலுக்கு வந்ததாகவும் அவர் உதறவே இல்லையென்றும் கூட வேலை பார்த்த செல்வக்கனி மாமா வீட்டில் வந்து சொன்னார். சாயப் புட்டி டூப்ளிகேட்டாக இருக்கும் என்றார் மாமா. வெயில் பட்டு வெளுத்துரும் சீனி, விடு, என்றார் கொத்தனார். அப்பா ஒரு பேச்சுதான் பேசினார். "என் கண்ணு போச்சு." அதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை, சோறு போட்ட தட்டைப் பார்த்துச் சொன்னார், அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், நிரம்பி வழிகிற வரைக்கும்.

இதுவரைக்கும் நினைத்ததைத் தாண்டி நினைக்கக் கூடாது என்று பொன்ரேகா நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றி முடித்ததும் நினைப்பு அதே இடத்தில் காத்துக்கொண்டிருந்தது, பஸ்ஸைத் தவறவிட்டவன் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறதுபோல. மறுநாள் பிரேயர். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் ரோஸ் சுவருக்கு முன்னால் வரிசையில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, தோளை இடித்துக்கொண்டு, பின்னாலிருந்து யாரோ ஒருத்தி, யார் அடிச்சது தெரியும்ல, நம்ம ரேகா அப்பா, என்று ஊதிவிட, அந்த ஊதல் வரிசையில் ஒவ்வொரு காதாகத் தாண்டி அவளை நோக்கி வருவது அவளுக்குக் கேட்டது, கொசு வருகிறதுபோல. உறுதிமொழி வாசிக்கிற முறை அவளுடையது, மைக் கையில் இருந்தது, ஹெட்மாஸ்டர் இன்னும் வரவில்லை. வந்து கடிக்கிறதுக்கு முன்னால் நாமே அடித்துவிட்டால்? மூக்கால் ஒரு மணிச் சத்தம் கொடுத்தாள். ரயில்வே ஸ்டேசன் அறிவிப்புக் குரலை எடுத்தாள், தூக்கமும் பன்னீரும் கலந்த அந்தக் குரலை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சந்தனபுரியிலிருந்து புறப்பட்டு வழி தவறிய ரோஸ்மில்க் பள்ளிக்கூடம் இன்னும் சற்று நேரத்தில் முதலாவது பிளாட்பாரத்தை வந்தடையும். பயணிகள் டம்ளருடன் தயாராக இருக்குமாறு..." மைதானம் வெடித்தது. டீச்சர்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். ஒருத்தரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவளோடு சேர்ந்து சிரித்தார்கள், இரண்டுக்கும் எத்தனை வித்தியாசம், எவ்வளவு நிம்மதி, பனிக்கட்டி தொண்டையில் இறங்குகிறதுபோல. சாயங்காலத்துக்குள் பேர் ஊருக்குள் போய்விட்டது. ஆட்டோக்காரர்கள் ரோஸ்மில்க் ஸ்டாப் என்று கேட்டு ஏற்றினார்கள். டீக்கடையில் அப்பாவிடம், "என்ன சீனி, ஒனக்கு டீயா, ரோஸ்மில்க்கா?" என்றார்கள். யார் வைத்த பேர் என்று டீக்கடைக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குள் தெரியும், ஆனால் பெற்ற தகப்பனிடம் போய் அதைச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு ஒருத்தருக்கும் மனசு கெட்டுப்போகவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து காலைக் கழுவினார், நெடுநேரம் கழுவினார். அவள் உள்ளே கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு தண்ணீர்ச் சத்தத்தை எண்ணினாள்.

அன்றையிலிருந்து ஆறு மாசமாக அவர் வெள்ளைதான் அடிக்கிறார். அடிப்பூச்சுப் பிரைமர், இல்லாவிட்டால் வெள்ளை. கலர் வேலை வந்தால், "செல்வக்கனியக் கூப்பிடுங்க, எனக்கு இப்ப பார்வை சரியில்ல" என்கிறார். கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அம்மா சொன்னால் அடுத்த வாரம் என்கிறார், எல்லா அடுத்த வாரமும் வந்துவிட்டுப் போய்விட்டது. போனால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அது அவளுக்குத் தெரியும், ரிசல்ட் பார்க்கிறதுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்கிற பயம்தானே. போன வாரம் தக்காளியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது சிவப்புத்தான, வேலு?" என்று அம்மாவிடம் கேட்டார், விளையாட்டுப்போல. அம்மா, "இல்ல, நீலம்" என்றாள், அவளும் விளையாட்டுப்போல. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டுச் சுவரில் இந்தக் காலண்டர் வருசம் முழுக்கத் தொங்கப்போகிறது. சமையல்கட்டுக் கதவுக்குப் பக்கத்து ஆணியில், சாப்பிட உட்கார்ந்தால் நேரே தெரிகிற இடத்தில். முன்னூற்று அறுபத்தைந்து நாள், மூன்று வேளை. பிறகு என்ன யோசனை? செபியா. அதில் ரோஸும் இல்லை, சந்தனமும் இல்லை, அப்பாவின் கண்ணும் இல்லை, அவள் வாயும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே டீயை ஊற்றியாயிற்று. பொன்ரேகா செபியாப் படத்தை எடுத்து மெயிலில் சேர்த்தாள். அனுப்பு என்கிற பொத்தானுக்குமேல் அம்புக்குறி போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. தட்டினால் அந்தப் பிரேயரும் சேர்ந்து பழுப்பாகிவிடுமா? எப்பவோ நடந்ததாகிவிடுமா? அதற்கும் ஒரு பொத்தான் இருந்தால் நன்றாக இருக்கும்.

"எம்மா, போட்டோ எடுக்கணும்" என்று வாசலில் குரல். பெரியவர் ஒருத்தர், கையில் பென்சன் பாரம், தலையில் ஏற்கெனவே எண்ணெய் மினுங்கியது. "அண்ணன் இல்ல தாத்தா, ஒரு மணிக்கு வந்துருவாக. உக்காருங்க." "உக்காந்தா தூங்கிருவேன். பெறகு தூங்குற மூஞ்சிதான் போட்டோவுல வரும்" என்று சொல்லிக்கொண்டே உட்காராமல் கோட்டைத் தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார், விட்டுவிட்டார். திரும்பினவர் கண்ணில் கம்ப்யூட்டர் பட்டது. செபியாப் படம் முழுசாக விரிந்து நின்றது. "இது எந்த ஊரு செயிலு?" "தாத்தா, அது செயிலு இல்ல. நம்ம பள்ளிக்கூடம்." "நம்ம பள்ளிக்கூடமா? ரோஸ்மில்க்கா? அது எம்புட்டு அம்சமா இருக்கும். என் பேத்தி ஒண்ணாப்பு சேரமாட்டேன்னு ரோட்டுல பொரண்டவ, அந்தக் கலரப் பாத்துட்டுத்தான் உள்ளயே போனா. இதப் பாத்தா வாத்தியாரே ஓடிப்போவான்" என்று சொல்லிவிட்டு, "ஒரு மணிக்கு வாரேன், கோட்டக் கொஞ்சம் வெயில்ல போட்டு வைக்கச் சொல்லு" என்று படியிறங்கிவிட்டார். போகிறவரின் குரலை அவள் உடனே எடுத்துப் பார்த்தாள், பல் இல்லாத இடத்தில் காற்று வருகிற அந்தச் 'செயிலு'வை. சரியாக வந்தது. வந்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் மாட்டிக்கொண்டது. அம்சமா? அம்சம் என்றா சொன்னார்? செபியாவைப் பார்த்தாள். நிஜமாகவே ஜெயில்தான். ஏழு வளைவும் ஏழு வாய், எல்லாம் மூடச் சொல்லி யாரோ அதட்டினமாதிரி. அம்புக்குறியைப் பொத்தானிலிருந்து விலக்கினாள். மணி பன்னிரண்டு முப்பத்தாறு.

கலரைத் திறந்தாள். திறந்ததும் நெஞ்சு படபடவென்றது, படபடத்தால் அவளுக்குச் சேட்டை வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், ஊசி போட வருகிற நர்ஸம்மாவிடம் நர்ஸம்மா மாதிரியே பேசி அடி வாங்கியிருக்கிறாள். படத்தின் ஓரத்தில் நிறத்தைத் தள்ளி விளையாட ஒரு கோடு, கோட்டில் ஒரு குமிழ். ஒரு கோடியில் பச்சை, மறு கோடியில் ரோஸ். கிருபா அண்ணன் டியூப் லைட்டில் எடுத்த கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை பச்சை பிடித்துத் தெரிந்தால் அதைத்தான் தள்ளிச் சரிசெய்வார். சர்பத் கடைக்காரர் குரலை எடுத்துக்கொண்டு குமிழைப் பிடித்தாள். "வாங்க வாங்க, இன்னைக்கு என்ன வேணும் பள்ளிக்கூடத்துக்கு? ரோஸ்மில்க் டபுளா?" ரோஸ் பக்கம் தள்ளினாள், பள்ளிக்கூடம் வெட்கப்பட்ட மணப்பெண்போலச் சிவந்தது, வாட்ச்மேன் சட்டையும் சிவந்தது. "இல்ல, ஒரு லைம் போட்ருவமா?" பச்சைப் பக்கம் இழுத்தாள், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், மேகம் பாசி பிடித்தது, தேங்கின தண்ணீர் பாசி பிடித்தது, வாட்ச்மேன் சட்டை வாழையிலையாகிவிட்டது, பள்ளிக்கூடம்... கை நின்றுபோனது. சர்பத் கடைக்காரரும் நின்றுபோனார். பள்ளிக்கூடம் சந்தனம். வானம் பச்சை, தண்ணீர் பச்சை, ஆள் பச்சை, நடுவில் ஏழு வளைவோடு பள்ளிக்கூடம் மட்டும் குழைத்து வைத்த சந்தனம், அப்பாவிடம் கேட்டிருந்த அதே சந்தனம். குமிழைப் பழைய இடத்துக்கு விட்டாள். ரோஸ். மறுபடியும் இழுத்தாள். சந்தனம். ரோஸ். சந்தனம். உலகத்தில் எந்த இடத்தில் எல்லாமே பச்சையாக இருக்கும்? எந்த இடத்தில் வெள்ளைச் சட்டை வாழையிலையாகும்?

வலைக்குள். மே மாசம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், தூக்குவாளியில் மோர்ச்சோறு கொண்டுபோய் அவள் அந்த வலைக்குள் நுழைந்திருக்கிறாள். நுழைந்ததும் சிரித்தாளே. அவள் கை பச்சை, அப்பாவின் பனியன் பச்சை, செல்வக்கனி மாமா பச்சைக்கிளி. குளத்துக்குள் நிற்கிறதுபோல இருந்தது. மோர்ச்சோறுகூடப் புல் அரைத்து ஊற்றினமாதிரி. அப்புறம், அப்புறம் என்ன ஆனது, அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள் பச்சை இருக்கிறதே மறந்துபோனது, கண்ணுக்குப் பழகிவிட்டது, சோறு ஏறக்குறைய வெள்ளையாகவே தெரிந்தது. அப்பா எப்போதும் வாளியை வெட்டவெளியில் வைத்துத்தான் கலக்குவார். அன்றைக்கு வெளியே நிற்க முடியவில்லை. "உள்ளயே ஊட்டி மாதிரி இருக்கு, இங்கயே கலக்குவம்டா" என்று வாளியைக் காலால் நகர்த்திக்கொண்டார், அதற்குப் பிறகு எல்லா வாளியும் அங்கேதான். குச்சியைப் போட்டு மஞ்சளைக் கலக்கி, சிவப்புப் புட்டியைச் சாய்த்து, பார்த்து, உதட்டைப் பிதுக்கி, இன்னும் ரெண்டு சொட்டு, இன்னும் ரெண்டு, சுவரில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அவளைத்தான் கேட்டார். "ஏட்டி, இது என்ன கலர் சொல்லு?" அவள் சோத்துப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "சந்தனம்ப்பா, சாமிக்குப் பூசலாம்" என்றாள். ஆமாம். சொன்னாள். பார்த்தா சொன்னாள், பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாளா என்று ஆறு மாசமாக அவளுக்கே சந்தேகம், வாயை நம்ப முடியாத பிறவி அவள், அதனால் அந்த மத்தியானத்தை எடுத்துப் பார்க்கவே இல்லை, ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தாள். இப்போது தெரிகிறது, பார்த்துத்தான் சொன்னாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள். சந்தனமாகத்தான் இருந்தது. அங்கே நின்ற மூன்று பேருக்கும், ஆறு கண்ணுக்கும். வலையை விலக்கி வெளியே வந்தபோது பஜார் ரோடே கொஞ்ச நேரம் ரோஸாகத் தெரிந்ததே, பஸ்ஸும் மாடும் வெயிலும் எல்லாம், வெயில் மயக்கம் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை ஓட்டினாளே. கண்ணுக்குப் பழகினது போக மிச்சப் பச்சை வாளியில் கூடுதலாகத் தெரிந்ததால்தான் அதை அமுக்க அப்பா சிவப்பை விட்டிருக்கிறார். விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கண் போகவில்லை. கண் அவ்வளவு சரியாக இருந்ததால்தான் இவ்வளவு ரோஸ்.

குமிழ் பச்சைப் பக்கம் நின்றது, பள்ளிக்கூடம் சந்தனமாக நின்றது, அதைப் பார்க்கப் பார்க்க இன்னொரு ஆசை கள்ளத்தனமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இதையே அனுப்பிவிட்டால்? மேகத்தை மட்டும் வெட்டித் திருத்தி, வாட்ச்மேனுக்கு வெள்ளைச் சட்டை திருப்பிக் கொடுத்து, கட்டடத்தை மட்டும் இப்படியே விட்டுவிட்டால், அப்பா கண்ணில் பார்த்தது காலண்டரில் வந்துவிடுமே, கிருபா அண்ணனுக்குக்கூடத் தெரியாதே. குளிர்ச்சியாக இருந்தது நினைக்க. ஆனால் காலண்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் பள்ளிக்கூடத்தையும் பார்ப்பானே. டீக்கடை சும்மாயிருக்குமா, சீனிக்கு மட்டும் தெரியுற சந்தனம்டே, என்று அதற்கு ஒரு பேர் வைக்கும், அவளைவிட நன்றாகவே வைக்கும். அதைவிடப் பெரிசு, அப்பா பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும் மகள் மூடி மறைத்தது, செபியாவும் மூடுவதுதான், இதுவும் மூடுவதுதான், ஒன்றில் டீ, ஒன்றில் சந்தனம். வேண்டாம். குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தாள். ரோஸ் திரும்பி வந்தது. கறுத்த மேகத்துக்குக் கீழே, மழைத்தண்ணீருக்கு மேலே, ஊரில் வேறு எந்தக் கட்டடத்துக்கும் வராத வெளிச்சத்தோடு. அவளே இதுவரை இதைப் பார்க்கவில்லை என்று பட்டது. பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு. போனை எடுத்தாள். எந்தக் குரலில் பேசுவது என்று ஒரு கணம் தேடினாள், கை வழக்கமாகத் தேடுகிறதுபோல, கைக்கு ஒன்றும் அகப்படவில்லை, தன் குரலிலேயே பேச வேண்டியதாகிவிட்டது.

"அப்பா, எங்க இருக்கீங்க?" "வெங்கடாசலபுரத்துல, ஒரு வீட்டுக்கு வெள்ள அடிச்சுக்கிட்டு. என்னத்தா, படம் அனுப்பிட்டியா?" "இல்ல. அப்பா, ஒண்ணு கேளுங்க. நீங்க பள்ளிக்கூடத்துக்குக் கலர வலைக்குள்ள வச்சுத்தான கலக்குனீங்க? வெயிலா இருக்குன்னு?" "ஆமா. அதுக்கென்ன இப்ப?" "வலை பச்சப்பா. உள்ள வெளிச்சமே பச்ச. நீங்க அந்தப் பச்சைக்குத்தான் சிவப்ப விட்ருக்கீங்க. நான் கம்ப்யூட்டர்ல பச்சைய ஏத்திப் பாத்தேன், அப்படியே சந்தனம்ப்பா. சந்தனமேதான்." ஏணி ஒரு தடவை முனகியது. "மஞ்சளா நிக்கணும், பாசி மாதிரி நிக்குதேன்னு..." என்றார், அவளிடம் இல்லை, அந்த வாளியிடம். "ரெண்டு சொட்டு விட்டேன். அடங்கல. மறுபடி ரெண்டு. எந்நாளும் அம்புட்டுச் சிவப்பு கேக்காது. கேக்குதேன்னு விட்டேன்." "ம்." "செல்வக்கனியும் சந்தனம்னுதான் சொன்னான்." "நானும்தானப்பா சொன்னேன்." "ஆமா, நீயும் சொன்ன." மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது, போனுக்குள் காற்றடிக்கிறதுபோல. "அப்ப... எனக்கு ஒண்ணுமில்லையா?" "ஒண்ணுமில்லப்பா. கண்ணு சரியாத்தான் இருக்கு." அவர் மூக்கை உறிஞ்சினார். பிரைமர் வாடைக்குச் சிலருக்கு அப்படி உறிஞ்சும். "அப்பா, இன்னொண்ணு. அந்தப் பேரு, ரோஸ்மில்க்னு. அத வச்சது நான்தான். பிரேயர்ல மைக்ல சொன்னேன். மத்தவக சிரிக்கதுக்கு முன்னாடி நானே சொல்லிருவோம்னு." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டுடியோ காற்றாடி சுற்றுகிற சத்தம். சாலையில் மினி பஸ் ஆரன். "நீயா?" என்றார். "ம்." "அட பாவி மகளே. அந்தப் பேரு வச்சவன நான் ஆறு மாசமா வேலைக்குப் போற வழியெல்லாம் வஞ்சுக்கிட்டே போறேன். பேதியில போவான், வாய் கோணிப் போவான், அவன் வீட்டுச் சொவரு எந்தக் கலர் அடிச்சாலும் உரிஞ்சு விழணும்னு. அது நம்ம வீட்டுச் சொவரா?" அவளுக்கு அழுகை வந்தது, அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது, இரண்டும் மூக்கில் இடித்துக்கொண்டன. "எல்லாத்தையும் வாபஸ் வாங்குங்கப்பா." "வாங்கிக்கிறேன். பேதிய மட்டும் ஒரு நாளைக்கு வச்சுக்க. மைக்ல சொன்னேல்ல." "சரிப்பா." "படம் என்ன, கலரா?" "நீங்க சொல்லுங்க." "என்னத்தச் சொல்ல. அடிச்சது நான், பேரு வச்சது நீ. பழுப்பா அனுப்புனா நம்ம ரெண்டு பேருக்கும் அதுல என்ன சோலி? இரு, ஏணில நிக்கேன், போன வைக்கேன்."

வைக்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்போல, துணி உரசுகிற சத்தம், படி ஒவ்வொன்றாக இறங்குகிற சத்தம். பொன்ரேகா செபியாவை மெயிலிலிருந்து எடுத்தாள், கலரைச் சேர்த்தாள், அனுப்பு என்பதைத் தட்டினாள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன் அப்படியே இருந்தது. பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. கம்ப்யூட்டரில் ஒரு பட்டை மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டு போனது. போனுக்குள் தூரத்தில் ஒரு பொம்பிளைக் குரல், அந்த வீட்டுக்காரம்மாவாக இருக்கும், "என்னண்ணே, எறங்கிட்டீக, சாப்பாட்டு நேரமாயிருச்சா?" "இல்லம்மா, ஒரு யோசனை. இந்த முன் ரூமுக்கும் வெள்ளையேதானா?" "வெள்ளதான சொன்னோம்." "வெள்ளை இருக்கட்டும். சன்னல் இருக்க சொவரு ஒண்ணுக்கு மட்டும் ஒரு மஞ்சள், எலுமிச்சம்பழத்த வெட்டுனதும் உள்ள ஒரு மஞ்சள் தெரியும் பாருங்க, அது. பிடிக்கலன்னா வெள்ளைய அடிச்சிரலாம்." "பெயிண்டரண்ணே, நீங்க கலர் அடிக்கதில்லன்னு சொன்னாக?" ஆறு மாசமாகத் திறக்காத சாயப் புட்டிகள் அப்பாவின் பைக்குள் உரசிக்கொண்டன. வாளியின் கைப்பிடி கிணுங்கியது, சிமெண்டுத் தரையில் வாளி இழுபடுகிற கரகரப்பு, வாசல் நிலையில் இடிக்கிற சத்தம், வெளியே ஒரு காக்கை. "இங்க வாசலுக்கு வாங்கம்மா" என்றார், "வெயில்ல வச்சுக் கலக்கிக் காட்டுறேன்." பட்டை நிரம்பி மறைந்தது. பொன்ரேகா போனை அணைக்காமல் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். குச்சி வாளிக்குள் சுற்ற ஆரம்பித்தது, முதலில் மெதுவாக, பிறகு ஒரே சீராக, நடுவில் ஒரு தடவை நின்றது. "இன்னும் ரெண்டு சொட்டு" என்றார் அப்பா.